வலி எந்தக் கடனை அடைக்கிறது?

முற்றிய நோயோடு ஒருவர் படுத்திருக்கும் வீட்டில் பேச்சு ஒரு வரிசையில்தான் வரும். முதல் தடவை போகும்போது வலியைச் சொல்வார்கள். அடுத்த தடவை ஆன செலவைச் சொல்வார்கள். எந்த நகை அடகில் இருக்கிறது, ஏலச்சீட்டை எவ்வளவு தள்ளி எடுத்தார்கள் என்பதுவரை வந்துவிடும். நம்மேல் ஒரு நம்பிக்கை பிறந்த பிறகு, மருமகள் அடுப்படிக்குப் போகிற நேரமாகப் பார்த்து, படுத்திருப்பவர் குரலைத் தாழ்த்துவார்: "நான் என்ன பாவம் பண்ணுனேன் நர்சம்மா?"

நான் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். திருச்செங்கோட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் தடுப்பூசிப் பெட்டியோடு நடந்த கால்கள். இப்போது ஆதரவு சிகிச்சைக் குழு ஒன்றோடு அதே ஊர்களுக்குப் போகிறேன். பேலியேட்டிவ் கேர் என்று குழுவில் சொல்வோம். ஊரில் "வலி மாத்திரை நர்சு" என்றால்தான் தெரியும். இனி குணமாகாது என்று பெரிய ஆஸ்பத்திரியில் கைவிரித்து அனுப்பப்பட்டவர்களின் வீட்டுக்குப் போய் வலியைத் தணிப்பது, புண்ணைச் சுத்தம் செய்வது, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்க வீட்டாருக்குச் சொல்லித் தருவது, சிறுநீர்ப் பையை மாற்றுவது, கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசுவது. இவ்வளவுதான் வேலை. இதில் மிகக் கடினமானது அந்தப் பாவக் கேள்விக்குப் பதில் சொல்வது. செவிலியர் பள்ளியில் அதற்குப் பாடம் இல்லை.

அந்தக் கேள்வியை நோயாளி மட்டும் கேட்பதில்லை. வீட்டார் வேறு விதமாகச் சொல்வார்கள்: "பட்டுத்தானுங்க தீரணும். இந்த ஜென்மத்துலயே கழிஞ்சு போகட்டும், அடுத்ததுக்கு மிச்சம் வெக்க வேண்டாம்." இது கல்நெஞ்சில் வரும் பேச்சு இல்லை. இரவெல்லாம் கண் விழித்துச் சலித்தவர்கள், நடப்பதற்கு ஒரு அர்த்தம் இருந்தாக வேண்டும் என்று பிடித்துக்கொள்ளும் பேச்சு. தெரு சொல்வது மூன்றாவது வகை. வாசற்படியோடு நின்றுகொண்டு, "ஆடுன ஆட்டம் என்ன கொஞ்சமா?" என்று சொல்லிவிட்டுப் போவது.

படித்தவர்கள் தங்களுக்கு இந்த நம்பிக்கை இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். வாய்ப்புற்று வந்தவரைப் பார்த்ததும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "புகையிலை போடுவாரா?" ஆமாம் என்றால் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். கணக்கு சரியாகிவிட்டது; செய்தார், அனுபவிக்கிறார். ஒரு நாளும் புகைக்காத பெண்ணுக்கு நுரையீரலில் புற்று என்றால் அவர்களுக்குத் தடுமாற்றம் வருகிறது. முன்ஜென்மத்துக்குப் பதில் முன்பழக்கம் என்று வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். காரணம் தெரிந்தால் தடுப்பதற்கு உதவும் என்பது உண்மை; நானே ஊர் ஊராகப் புகையிலைக்கு எதிராகப் பேசியிருக்கிறேன். ஆனால் கட்டிலில் கிடப்பவரிடம் காரணம் சொல்வது யாருக்கு என்ன உதவி?

வினைக் கொள்கையை நான் எள்ளிப் பேச வரவில்லை. அதிலேயே வளர்ந்தவள். அப்பா விசைத்தறியில் மேஸ்திரி. சாயங்காலமானால் குளித்து விபூதி பூசிக்கொண்டு திருமுறை மன்றத்துக்குப் போய்விடுவார். எனக்கு அவர் சொல்லிக்கொடுத்த பாடம் இது: வினை மூன்று. பிறவிகள்தோறும் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதிலிருந்து இந்த உடம்போடு அனுபவிக்க வந்தது பிராரத்தம். இப்போது நாம் செய்யச் செய்ய இனிமேலைக்குச் சேர்வது ஆகாமியம். குருவருள் சஞ்சிதத்தைச் சுட்டெரிக்கும் என்பார்கள். பிராரத்தம் மட்டும் உடம்பு உள்ளவரை உண்டு.

இதை வைத்துக்கொண்டுதான் "பிராரத்தத்தை யாராலும் மாற்ற முடியாது, நீங்கள் ஏன் மார்ஃபின் கொடுத்துக் குறுக்கே வருகிறீர்கள்?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். திருமுறை தெரிந்தவர், வம்புக்குக் கேட்கவில்லை. நான் சொன்னேன்: "ஐயா, அவர் படுவது அவருடைய பிராரத்தம் என்றே வைத்துக்கொள்வோம். பார்த்துக்கொண்டு நிற்கிறோமே, அது நம்முடைய ஆகாமியம் ஆச்சுங்களே. அவர் கணக்கை வாசிக்க நமக்குக் கண் கிடையாது. நம் கணக்கு இந்த நிமிடம் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது." அவருடைய சித்தாந்தப்படியே பார்த்தாலும், மருந்துப் பையோடு ஒருத்தி படியேறி வந்ததும் நோயாளியின் வினைப்பயனில் அடங்காதா? வலி மட்டும் விதி, வலி மாத்திரை விதிமீறல் என்று எந்தச் சாத்திரம் சொல்கிறது?

சாத்திரம் இருக்கட்டும். எங்கள் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்ளலாம். திருச்செங்கோட்டுக்குத் தேவாரப் பெயர் கொடிமாடச் செங்குன்றூர். திருஞானசம்பந்தர் கொங்குநாட்டுக்கு வந்து இங்கே தங்கியிருந்தபோது கூட வந்த அடியார்களைக் குளிர்சுரம் பிடித்தது என்கிறது பெரிய புராணம். இந்த நாட்டின் இயல்பு அப்படி என்றார்கள். சம்பந்தர் அதைக் கேட்டுச் சும்மா இருக்கவில்லை; திருநீலகண்டப் பதிகம் பாடினார். அந்தப் பதிகத்தின் தொடக்கமே வினைப் பேச்சுக்குப் பதில்தான். செய்ததன் பலன் இது என்று சொல்லத் தெரிந்தவர்களே, பிழைக்கும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறை இல்லையா என்ற கருத்தில்தான் அவர் எடுத்ததுமே கேட்கிறார். வினை உண்டு என்று நம்பியவர் கேட்ட கேள்வி இது. வினை உண்டு என்பதால் கையைக் கட்டிக்கொள்ளலாம் என்று அவர் முடிவுகட்டவில்லை.

அப்பர் கதை இன்னும் நெருக்கமானது. சூலை நோய் வயிற்றைக் குடைகிறது. சமண மடத்தில் இருந்தவர் அவர். அங்கே செய்து பார்த்த மந்திரமும் மயிற்பீலியும் பலிக்கவில்லை. இரவோடு இரவாகத் திருவதிகைக்கு, தமக்கை திலகவதியாரிடம் வருகிறார். சமயம் மாறிப் போன தம்பி. தமக்கைக்குச் சொல்ல எத்தனையோ இருந்திருக்கும். சேக்கிழாரின் திலகவதியார் திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துப் போகிறார். அங்கே அப்பர் பாடிய முதல் பதிகம் முழுக்க வலியின் புலம்பல். தெரியாமல் பிழை செய்திருப்பேன் என்று ஒத்துக்கொள்கிறார். அதே மூச்சில் தாங்க முடியவில்லை, விலக்கு என்று மன்றாடுகிறார். பிழை செய்தேன், ஆகையால் கிடந்து துடிக்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. தமிழ்ச் சைவத்தின் பெரும்பாடகர்களில் ஒருவர் வாய் திறந்ததே வலி தாங்காமல்தான்.

அப்பருக்கு நோய் தீர்ந்தது, எங்கள் நோயாளிகளுக்குத் தீராது. அதனால்தான் எங்கள் வேலைக்கு அர்த்தம் இருக்கிறது. நோயைக் குணப்படுத்த ஒன்றுமில்லை என்பது மருத்துவமனை சொல்லும் முடிவு. அதைக் கேட்ட வீட்டார் செய்வதற்கே ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் சில சமயம் ஒரு வருஷம்கூடக் கிடக்கிறது.

அந்த இடைவெளியில் என்ன செய்யலாம் என்பதற்கு ஒரு வீட்டைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். விசைத்தறித் தொழிலாளி. கன்னத்தில் புற்று. உள்ளே தொடங்கி வெளியே வந்துவிட்டது. குடித்த தண்ணீர் கன்னத்து ஓட்டை வழியே வழியும். கட்டிலை வீட்டுக்குப் பின்னால் ஓடு வேய்ந்த சாய்ப்பில் போட்டிருந்தார்கள். காரணம் நாற்றம். ஈ மொய்த்துப் புண்ணில் புழு. டர்பன்டைனில் நனைத்த துணியைப் புண்ணின் ஓரத்தில் வைத்தால் புழுக்கள் மேலே வரும். ஒவ்வொன்றாகக் கிடுக்கியில் எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் ரத்தம் கொட்டும். எடுத்து முடித்துக் கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையை இரண்டு கரண்டிக்கு நடுவே நசுக்கிப் பொடியாக்கிப் புண்ணின் மேல் தூவி, ஈரத்துணி வைத்துக் கட்ட வேண்டும். சீதபேதிக்குக் கொடுக்கும் அதே மலிவான மாத்திரைதான். நாற்றத்தை உண்டாக்கும் கிருமிகளை அது கொல்லும். அவர் மனைவிக்கு இதைச் செய்துகாட்டினோம். நான்கைந்து நாளில் நாற்றம் பெருமளவு அடங்கியது. கட்டில் வீட்டுக்குள் வந்தது.

அவரோடு பல வருஷம் ஒரே பட்டறையில் தறி ஓட்டிய ஒரு நண்பர் உண்டு. அதுவரை தெருவில் நின்றபடியே, "எத்தனை தடவை சொன்னேன் புகையிலைய விடுடான்னு, கேட்டானா? வாங்கிக் கட்டிக்கிட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனவர். கட்டில் உள்ளே வந்த வாரம் அவரும் உள்ளே வந்தார். அப்புறம் தினமும் வந்து தினத்தந்தியை வாசித்துக் காட்டினார். புகையிலைப் பேச்சை எடுக்கவே இல்லை. நாற்றம் போனதும் தத்துவமும் போய்விட்டது. கிட்டே போக முடியாத சங்கடத்துக்கு எவ்வளவோ முறை நாம் வினை என்று பேர் வைத்துவிடுகிறோம்.

வலி மாத்திரைக்கு வருகிறேன். மார்ஃபின் கசகசாச் செடியின் பாலிலிருந்து எடுப்பது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமம் பெற்ற விவசாயிகள் அபினி பயிரிடுகிறார்கள். நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசு ஆலைகள் இருக்கின்றன. இவ்வளவும் இருந்தும், 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டம் கொண்டுவந்த உரிமங்களுக்கும் தண்டனைக்கும் பயந்து மருத்துவமனைகள் மார்ஃபினைத் தொடாமலே ஒதுங்கின. நாட்டில் மருத்துவத்துக்கான மார்ஃபின் பயன்பாடு சரிந்துபோனது. 2014-ல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான், அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் பல உரிமங்களுக்கு அலையாமல் வாங்கிக் கொடுக்க வழி பிறந்தது. நடுவில் போன 29 வருஷத்தில் துடித்துச் செத்தவர்களின் வலி எந்த ஜென்மத்துப் பாவம்? வினைக்கு நாடாளுமன்றத்தில் திருத்தம் கொண்டுவர முடியாது. அந்த வலிக்குக் கொண்டுவர முடிந்தது.

உலகக் கணக்கும் இதையே சொல்கிறது. ஆண்டுதோறும் 5 கோடியே 68 லட்சம் பேருக்கு ஆதரவு சிகிச்சை தேவைப்படுகிறது, கிடைப்பது சுமார் 14 சதவீதத்தினருக்குத்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2017-ல் வெளியான லான்செட் ஆணையத்தின் அறிக்கைப்படி, உலகில் ஓராண்டில் வழங்கப்படும் மார்ஃபின் வகை மருந்து 298.5 டன்; அதில் மிக ஏழை நாடுகளுக்குப் போய்ச் சேர்வது 0.1 டன். பாவம் செய்த ஆத்மாக்களெல்லாம் தேடிப் பார்த்து ஏழை நாட்டில்தான் பிறக்கின்றன என்று சொல்லத் துணிந்தவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். எனக்குத் துணிவில்லை.

மாத்திரையை ஏற்க மறுப்பவர்கள் சொல்லும் இன்னொரு காரணத்தை மதிக்கிறேன். "அது போதை மாத்திரைங்க. கடைசி நேரத்துல சிவ சிவான்னு சொல்ல நெனவு வேண்டாமுங்களா?" பக்தியுள்ளவர்களின் உண்மையான பயம் இது. சரியான அளவில், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, கூடவே மலச்சிக்கலுக்கு மருந்தும் சேர்த்துக் கொடுத்தால், முதல் சில நாள் தூக்கம் சொக்கும். பிறகு பெரும்பாலோர் தெளிவாகவே இருப்பார்கள். பேரன் பேத்தியை அடையாளம் தெரியும், கணக்கு வழக்குப் பேசுவார்கள், பாராயணம் கேட்பார்கள். நினைவைக் கொள்ளையடிப்பது வலி. எலும்புக்குள் புற்று பரவியவர் வாயில் சாமி பேர் வராது, "ஐயோ" மட்டும்தான் வரும். பெரியாழ்வாருக்கு இது தெரிந்திருந்தது. முடிவு நெருங்கித் தவிக்கும்போது உன்னை நினைக்க முடியாமல் போகலாம் என்று அரங்கனிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டார். அந்த நிலையில் மனம் எப்படி இருக்கும் என்பதில் அவருக்கு மயக்கமே இல்லை. அவ்வளவு பெரிய பக்தரே அப்படி நினைத்தார் என்றால், நம் பாட்டி வலியோடு கிடந்து நாமம் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

இதுவரை சொன்னதெல்லாம் எளிது. பாவமே செய்யாதவர் படும் பாட்டைப் பற்றிப் பேசும்போது நியாயம் நம் பக்கம் இருக்கிறது. "நீங்க ஒரு பாவமும் பண்ணலைங்க" என்று சொல்லித் தட்டிக்கொடுத்துவிடலாம். நிஜமாகவே ஒன்று நடந்திருந்தால்?

ஒரு ஆத்தா. கர்ப்பப்பை வாய்ப் புற்று, இடுப்பெலும்பு வரை பரவிவிட்டது. டாக்டர் மார்ஃபின் எழுதிக் கொடுத்திருந்தார். அடுத்த முறை போய்ப் பார்த்தால் வலி குறைந்தபாடில்லை. மகள் வேளாவேளைக்குக் கொடுப்பதாகச் சொல்கிறாள். போர்வையை உதறியபோது தலைமாட்டில் இருந்த சுருக்குப்பை கீழே விழுந்தது. வெற்றிலையோடு வெற்றிலையாக வெள்ளை மாத்திரைகள். மகள் தண்ணீர் எடுக்கப் போகும்போது நாக்குக்கடியிலிருந்து எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். மகளை வெளியே போகச் சொல்லிவிட்டுச் சொன்னார்: "மூணாவதும் பொட்டப்புள்ளையாப் பொறந்துச்சு கண்ணு. மாமியா எருக்கம்பாலைக் கொண்டாந்தா. நான் செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டேன். இந்த நோவு அதுக்குத்தான். பட்டுத் தீத்துட்டுத்தான் போவேன்."

எங்கள் பகுதியில் அந்தக் காலத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதில்லை. எங்கள் நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. பெண் குழந்தைகளைக் கொல்ல வேண்டாம், தொட்டிலில் போடுங்கள் என்று அரசு 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியதே சேலத்தில்தான். தொட்டில் வருவதற்கு முன்னால் போன குழந்தை அது.

"நீங்கள் ஒரு பாவமும் செய்யவில்லை" என்று அவரிடம் சொல்ல என் நாக்கு எழவில்லை. சொன்னால் அந்தக் குழந்தையை இரண்டாம் முறை இல்லாமல் ஆக்கியது போலாகும். நான் சொன்னது: "அது பாவந்தானுங்க ஆத்தா, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா இந்த நோவு அந்தக் கணக்குல வரலை." நோய் எப்படி வந்தது என்று அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். ஒரு வைரஸ், தாம்பத்தியத்தில் தொற்றுவது, உடம்பில் பல வருஷம் ஒளிந்திருந்து புற்றாக மாறுவது. இதைக் கண்டறிந்த ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதெல்லாம் ஆத்தாவுக்குத் தேவையில்லை. நான் கேட்ட அடுத்த கேள்விதான் அவருக்குத் தைத்தது.

"உங்க மாமியார் எப்படிங்க போய்ச் சேந்தாங்க?"

"தூக்கத்துல. தொண்ணூறு வயசுக்கு மேல."

"உங்க வீட்டுக்காரரு?"

"பஸ்ஸுல வரையில நெஞ்சடைச்சு. ஒரு நிமிசந்தான்."

பாலை ஊற்றியவர் தூக்கத்தில் போனார். குடும்பத் தலைவராக இருந்த கணவர் ஒரு நிமிடத்தில் போனார். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்ட இருபது வயசுப் பெண்ணுக்கு மட்டும் இடுப்பெலும்பு நொறுங்கும் வலியா? இது நீதியின் கணக்கு என்றால் அந்த நீதிக்குக் கண் தெரியாது. ஆத்தா வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப எனக்கு மட்டும் எதுக்கு?" என்றார். தெரியாது என்றேன். அன்று ராத்திரியிலிருந்து மாத்திரையை விழுங்கினார்.

வலி நின்றதும் மனசு லேசாகிவிட்டது என்று எழுதினால் பொய். குழந்தையைப் பற்றிய பேச்சு கடைசிவரை போகவில்லை. ஒரு வித்தியாசம்: முன்பு துடிப்புக்கு நடுவே இரண்டு சொல் வரும். இப்போது உட்கார்ந்து பேசினார். மகள்களிடம் சொன்னார். அவர்கள் அழுதார்கள், கோபப்பட்டார்கள், ஒருத்தி இரண்டு நாள் வரவே இல்லை. பிறகு வந்தாள். அந்த வீட்டில் நாற்பது வருஷமாகப் பேசப்படாத ஒன்று பேசப்பட்டது. அந்த ஆத்தாவிடம்தான் எனக்கு இது உறுதியானது: வலி எந்தக் கடனையும் அடைப்பதில்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த ராத்திரிகளால் அந்தக் குழந்தைக்கு ஒரு மூச்சுக்கூடத் திரும்பக் கிடைக்கவில்லை. வருந்துவதற்கும் மன்னிப்புக் கேட்பதற்கும் ஓர் ஆளுக்குத் தெம்பு வேண்டும். வலியில் துடிப்பவருக்குத் துடிக்கத்தான் நேரம் இருக்கும். பரிகாரம் என்று ஒன்று உண்டென்றால் அதற்குத் தடையாக நிற்பதே வலிதான்.

ஆத்தாவுக்கு இரண்டு வலி இருந்தன. ஒன்றுக்கு மாத்திரை, இன்னொன்றுக்குக் காது. மாற்றிக் கொடுத்தால் இரண்டும் தீராது. இதை முதலில் தெளிவாகச் சொன்னவர் இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ். செவிலியராகத் தொடங்கி, சமூகப் பணியாளராகி, பிறகு மருத்துவம் படித்து, 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் காப்பகத்தைத் திறந்தவர். உடம்பு வலி, மனவலி, குடும்பமும் பணமும் தரும் வலி, வாழ்வின் பொருள் பற்றிய வலி நான்கும் ஒரே ஆளுக்குள் பின்னிக் கிடக்கின்றன, நான்கையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர். துன்பம் புனிதப்படுத்தும் என்று சொல்லி நோயாளியைக் காக்க வைக்கவில்லை. வலி தலைதூக்கும் முன்பே நேரம் பார்த்து மார்ஃபின் கொடுக்கப் பழக்கினார்.

நான்கு வலியையும் ஒரு நர்சால் பார்க்க முடியாது. இங்கேதான் ஊர் வர வேண்டியிருக்கிறது. கேரளத்தில் அது நடந்தது. 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு சேர்ந்து ஒரு சிறு வலி நிவாரணச் சங்கத்தைத் தொடங்கினார்கள். நோயாளி ஆஸ்பத்திரிக்கு வந்து போவதே பெரும்பாடு என்று கண்டதும், அந்தந்த ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாகப் போகும் அமைப்பு வளர்ந்தது. 2008-ல் கேரள அரசு இதற்கென்று கொள்கை வகுத்து உள்ளாட்சிகளிடம் பொறுப்பைக் கொடுத்தது. பயிற்சிக்காக நான் கோழிக்கோடு போயிருந்தபோது கூட வந்தவர்களில் ஓர் ஆட்டோ ஓட்டுநரும் கல்லூரிப் பெண்கள் இருவரும் இருந்தார்கள். அவர்கள் மருந்து கொடுக்கவில்லை. அரிசி இருக்கிறதா, பையன் பள்ளிக்கூடம் போகிறானா, ராத்திரி யார் முழிக்கிறார்கள் என்று விசாரித்தார்கள்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளோடு ஆதரவு சிகிச்சையையும் வீட்டுக்குக் கொண்டுபோகிறது. வட்டாரத்துக்கு ஒரு செவிலியர் வண்டியில் போகிறார். நல்ல தொடக்கம். ஆனால் ஒரு வட்டாரத்தில் எத்தனை ஊர், எத்தனை கட்டில்! வண்டி போன பிறகு வாரத்தின் மிச்ச நாட்களுக்கு யார் என்பது அரசாணையில் எழுத முடியாத சமாச்சாரம். திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறது: நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்தில் இருந்து பணிவிடை செய்பவர். கடைசி ஆளை வள்ளுவர் உதவியாளராக வெளியே நிறுத்தவில்லை. மருத்துவத்தில் கால் பங்கு அவருக்கு.

எங்கள் குழுவில் இயன்முறை சிகிச்சை செய்யும் கிறிஸ்தவத் தம்பி ஒருவர் இருக்கிறார். பாவக் கேள்வி வரும்போதெல்லாம் யோபுவின் கதையைச் சொல்வார். பிள்ளைகளை இழந்து, சொத்தை இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகச் சாம்பலில் உட்கார்ந்திருந்த யோபுவைப் பார்க்க எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று மூன்று சிநேகிதர்கள் வந்தார்கள். அவன் துக்கம் பெரிது என்று கண்டு ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் சிநேகிதர்கள். அதன்பின் காரணம் சொல்லத் தொடங்கினார்கள்: நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய், இல்லாவிட்டால் இது வராது. கதையின் முடிவில் கடவுள் கோபித்துக்கொள்வது புலம்பித் தீர்த்த யோபுவிடம் இல்லை, தம் சார்பாக விளக்கம் சொன்ன அந்தச் சிநேகிதர்களிடம்தான்.

வினை உண்டா இல்லையா என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. காலையில் இன்றும் பதிகம் பாடிவிட்டுத்தான் கிளம்புகிறேன். இத்தனை வீட்டுக்குப் போனதில் எனக்கு ஒன்று தெளிவாகியிருக்கிறது. வினை என்பது ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ள உரிமையுள்ள சொல். ஒருவர் அதைச் சொல்லித் தாங்கிக்கொள்ள முடிந்தால் நான் மறுத்துப் பேசுவதில்லை. அடுத்தவர் கட்டிலைக் காட்டி அதைச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. பெற்ற பிள்ளைக்கும் கிடையாது, டாக்டருக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது.

உங்கள் தெருவிலும் ஒரு கட்டில் இருக்கும். போய்ப் பாருங்கள். போகும்போது ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போக வேண்டாம். பெரும்பாலும் அவர்களால் சாப்பிட முடியாது. எப்படி வந்தது, எதனால் வந்தது என்று கேட்க வேண்டாம்; பலமுறை சொல்லி அலுத்திருப்பார்கள். ராத்திரி தூங்க முடிந்ததா என்று கேளுங்கள். இல்லை என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி ஆதரவு சிகிச்சை நர்சை வரவழையுங்கள். அவரைப் பார்த்துக்கொள்ளும் மனைவியிடமோ மகளிடமோ, "ரெண்டு மணி நேரம் நான் இருக்கிறேன், நீங்க போய்த் தூங்குங்க" என்று சொல்லி, சொன்னபடி இருங்கள். அவராக அந்தப் பாவக் கேள்வியைக் கேட்டால் பதில் தேடி அலைய வேண்டாம். எழுந்து போகாமல் இருந்தால் போதும்.